தெரியாத வகுப்புத் தோழர்களோடு குறும்படம்: பழகிவிட்டுத் தொடங்குவதா, தொடங்கிவிட்டுப் பழகுவதா?

கேள்வி: 2025 ஜூலை 6

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. எங்கள் ஆசிரியர் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, காலாண்டு விடுமுறை முடிந்து வரும்போது ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்றோடு வரச் சொல்லியிருக்கிறார். என் குழுவில் இருக்கும் மற்ற நால்வரும் வெவ்வேறு ஊர்ப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். ஒருவரோடும் இதுவரை நான் பேசியதில்லை. நன்றாகப் பழகி, ஒருவர் குணத்தை ஒருவர் தெரிந்துகொண்ட பிறகுதான் படம் எடுக்க முடியும் என்பது என் கருத்து. ஆசிரியரிடம் கேட்டு என் பழைய நண்பன் இருக்கும் குழுவுக்கு மாறிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். திருவாரூர் மாவட்டம்.

ஜூலை 6, இரவு

குழுவை மாற்றிக் கேட்க வேண்டாம், தம்பி. பழகிய பிறகுதான் படம் என்பதையும் நான் ஏற்கவில்லை. நான் பார்த்தவரை வேலை தொடங்கிய பிறகுதான் பழக்கம் வந்தது, அதுவும் அந்த வேலையின் வழியாகவே வந்தது.

நம் பக்கத்தில் பல சிற்றூர்ப் பள்ளிகள் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. ஆகவே நகரத்து மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு என்பது ஒவ்வோர் ஆண்டும் ஒருவரையொருவர் அறியாதவர்களின் கூட்டமாகத்தான் தொடங்குகிறது. 2018இல் மன்னார்குடியில் நான் சேர்ந்தபோதும் அப்படித்தான் இருந்தது. வடுவூர்ப் பக்கத்திலிருந்து நான். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து தாமதமாகவே வந்து சேரும் ஒருவன். முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த ஒருத்தி. கோட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்து வாயே திறக்காத ஒருவன். நல்ல கைபேசி வைத்திருந்த நகரத்துப் பையன் ஒருவன். பழகிக்கொள்வதற்கென்றே ஒருநாள் பள்ளி விட்டதும் ஹரித்ராநதி தெப்பக்குளத்துப் படியில் போய் உட்கார்ந்தோம். எந்த ஊர், பத்தாம் வகுப்பில் எத்தனை மதிப்பெண் என்று கேட்டு முடித்த பிறகு பேசுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

நீடாமங்கலத்துப் பையன் பசி தாங்காமல் மதியம் மிச்சம் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். விடுதிப் பெண் நகரத்துப் பையனிடம் கைபேசியைக் கேட்டு வாங்கி, முதலில் மூடியைத் திருகும் கையை மட்டும் எடுத்தாள், பிறகு டப்பாவுக்குள் இருந்த புளிச்சோற்றை எடுத்தாள், கடைசியாகத்தான் அவன் முகத்தை எடுத்தாள். ஏன் இந்த வரிசை என்று கேட்டதற்கு, கையைக் காட்டிவிட்டால் முகத்தைப் பார்க்கும் ஆசை தானாக வரும் என்றாள். அதன் பிறகு இருட்டும்வரை எங்களுக்குப் பேச்சு ஓயவில்லை, அத்தனையும் எதை முதலில் காட்டுவது என்பதைப் பற்றிய பேச்சாகவே இருந்தது.

ஆகவே முதல் சந்திப்பிலேயே கைபேசியை வெளியே எடுங்கள். ஒருவர் ஒரு செயலைச் செய்யட்டும், மற்றவர்கள் அதை மூன்றே காட்சித் துண்டுகளில் எடுக்கட்டும், எடுத்ததை எல்லோரும் சேர்ந்து பாருங்கள். அந்த ஒரு மாலையில் யாருக்குக் கண் இருக்கிறது, யாருக்குப் பொறுமை இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஜூலை 9

யார் இயக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கைபேசி யாருடையதோ அவரை இயக்குநராக்காதீர்கள். இது அவர் நல்லவரா இல்லையா என்பதைப் பொறுத்த கேள்வி அன்று. எடுத்த காட்சிகள் முழுவதும் அவர் சட்டைப்பையில் இருக்கின்றன. மனஸ்தாபம் வந்து அவர் வீட்டுக்குப் போய்விட்டால் படமும் அவரோடு போய்விடுகிறது. அந்தப் பலத்தோடு முடிவெடுக்கும் உரிமையும் ஒரே கையில் சேர்ந்துவிட்டால், பழக்கமில்லாத மற்ற நால்வரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் குழுவில் நகரத்துப் பையன் ஒளிப்பதிவுக்குத் துணையாக இருந்தான், விடுதிப் பெண் இயக்கினாள். அவனுக்குத் தொடக்கத்தில் அது பிடிக்கவில்லை என்றாலும், கைபேசியைத் தர மறுத்ததில்லை.

அன்றன்று எடுத்ததை அன்றே இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். முழு உயர் தெளிவில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கே நூறு எம்பியைத் தாண்டக்கூடும் என்பதால், கைபேசி சீக்கிரம் நிறைந்துவிடும். வாட்ஸப்பில் காணொளியாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிப் படத்தின் தெளிவைக் கெடுத்துவிடும்; டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேரும். எங்கள் நகல்கள் என் அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் இருந்தன. பின்னால் அது எத்தனை உதவியாக இருந்தது என்பதைத் தனியாக எழுதுகிறேன்.

ஜூலை 10

காட்சிக்கு ஒருவராக ஐவரும் மாறி மாறி இயக்கினால் நியாயமாக இருக்குமே என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஐந்து நிமிடப் படத்துக்கு அது ஒத்துவராது என்றே நினைக்கிறேன். அது ஐந்து குட்டிப் படங்களாகிவிடும், எந்தக் காட்சியை நீக்கினாலும் ஒருவர் மனம் புண்படும். படப்பிடிப்பு இடத்தில் முடிவு ஒருவருடையதாக இருக்கட்டும்; ஆனால் மறுநாள் என்னென்ன வேண்டும் என்பதை முந்தின மாலையே அவர் ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கொடுக்க வேண்டும், மறுப்பு இருப்பவர்கள் அன்றிரவே சொல்லிவிட வேண்டும். நெருங்கிய நண்பர்களுக்குள் பாதிச் சொன்னால் மீதி புரிந்துவிடும். தெரியாதவர்களுக்குள் எழுதியது மட்டுமே நிற்கும்.

ஜூலை 13

இடத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும்.

யாருடைய வீட்டிலும் படம் எடுப்பதாகத் தொடக்கத்தில் திட்டமிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் எந்த ஊர் என்ற கேள்விக்கு அடுத்ததாக எந்தத் தெரு என்ற கேள்வி வரும். அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பதினாறு வயதில் ஒரு பள்ளிப் படத்துக்காக ஒருவர் தன் தெருவைச் சொல்ல நேர்வதும், இன்னொருவர் வீட்டுத் திண்ணையோடு நிறுத்தப்படுவதும், கொடுத்த தண்ணீரைக் குடிக்கலாமா என்று யாராவது தயங்குவதும் நடக்கவே கூடாது. அப்படி ஒன்று நடந்துவிட்டால் அந்தக் குழு அதன் பிறகு வெளியே மட்டும்தான் குழுவாக இருக்கும். பள்ளி மைதானம், ஆற்றுப் படித்துறை, பேருந்து நிறுத்தம், நூலகம் என்று எல்லோருக்கும் பொதுவான இடங்களில் கதையை அமைத்துவிட்டால், யாரும் யாருக்கும் எதையும் காட்டவோ மறைக்கவோ வேண்டியதில்லை. கோட்டூர்ப் பையன் எங்களோடு இயல்பாக இருந்ததற்கு நாங்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்காததும் ஒரு காரணம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

போக்குவரத்தையும் கணக்கில் எடுங்கள். மாணவர்களின் இலவசப் பேருந்துப் பயண அட்டை வீட்டுக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட வழித்தடத்துக்குத்தான் செல்லும். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. எனவே தொலைவில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் குழுவில் பையன்கள்தான் காசு கொடுத்து வர வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே பேசி ஐவரும் பகிர்ந்துகொள்ளுங்கள், காசில்லாதவன் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுவான். பெண்களுக்கு வேறு ஒரு சிக்கல் இருக்கிறது: மாலை நல்ல வெளிச்சம் இருக்கும் நேரம்தான் அவர்கள் வீடு திரும்பியாக வேண்டிய நேரமும். நாங்கள் அதனால் ஞாயிறு காலைகளில்தான் எடுத்தோம். காலை ஏழு மணிக்கும் வெயில் சாய்வாகத்தான் விழுகிறது.

தாராசுரம் கோயிலில் ஒரு காட்சி எடுக்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1987இலும், தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. மூன்றுமே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே முக்காலித் தாங்கி வைத்துப் படமெடுக்க முன் அனுமதி வேண்டும். ஐந்து நிமிடப் படத்துக்காக அந்த அலைச்சல் தேவையா என்று யோசியுங்கள்.

ஜூலை 20

ஆற்றில் தண்ணீர் வருவதைக் கதையாக வைத்திருக்கிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன்: டெல்டாவில் நிலமே உங்கள் காட்சித் தொடர்ச்சியைக் கலைத்துவிடும்.

எங்கள் படத்தில் ஒரு சிறுமி வரப்பில் ஓடுவதை எடுத்தபோது இரண்டு பக்கமும் குறுவை பச்சையாக நின்றது. காலாண்டுத் தேர்வு, விடுமுறை எல்லாம் முடிந்து அந்த ஓட்டத்தின் மறுபாதியை எடுக்கப் போனால் கதிர் பழுத்துத் தலைசாய்ந்திருந்தது. அடுத்த வாரம் அறுவடை இயந்திரம் வந்து போயிருந்தது, வெறும் தாள்தான் மிச்சம். குறுவை நூறு நாள் சொச்சத்துப் பயிர், அது நமக்காகக் காத்திருக்காது. வாய்க்காலும் அப்படித்தான். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது இந்த வாரம் கரை தொட்டு ஓடுவது அடுத்த வாரம் காய்ந்து கிடக்கும். ஆகவே வயலும் வாய்க்காலும் வரும் காட்சிகள் அனைத்தையும் ஒரே காலையில் எடுத்து முடித்துவிட்டு, வகுப்பறைக் காட்சிகளைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். யார் என்ன சட்டை, பை எந்தத் தோளில், வாய்க்காலில் தண்ணீர் எந்தக் கல்வரை என்பதை ஒருவர் ஒவ்வொரு காட்சிக்கும் நிழற்படமாக எடுத்து வைக்கட்டும். படப்பிடிப்பில் வேலையே இல்லாமல் நிற்கிறேன் என்று சொல்பவருக்கு இது மிகப் பொறுப்பான வேலை.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. ஆனால் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை இறுதியில்தான் திறந்தார்கள். தண்ணீர் வரும் நாளை மையமாக வைத்துக் கதை எழுதுபவர்கள் அது வராத நாளையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஜூலை 21

கடைமடைப் பகுதியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருப்பது சரியானது: அணை திறந்ததும் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. தலைமடையில் நாற்று விட்ட பிறகும் கடைமடையில் ஆறு மணலாகவே கிடக்கும். உங்கள் குழுவில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பதாகச் சொன்னீர்கள் அல்லவா? அவர்கள் இருவரும் தத்தம் ஊரில் தண்ணீரைப் பார்த்த நாளைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதட்டும். கதை அங்கேதான் இருக்கிறது. மதகைத் திறக்கும் லஸ்கரை ஒருவர் எப்படி வருணிக்கிறார், மற்றவர் எப்படி வருணிக்கிறார் என்று பார்த்தாலே உரையாடல் பாதி கிடைத்துவிடும்.

ஆகஸ்ட் 4

ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது உங்களுக்கு வசதியாகப் போயிற்று. பிள்ளைகள் சப்பரம் இழுத்துவரும் காட்சியை நீங்கள் அனுப்பிய துண்டில் பார்த்தேன். படித்துறையில் காதோலை கருகமணி வைத்துப் படைத்திருக்கும் முறத்தை அருகில் போய் எடுத்திருப்பது மிக நன்று. ஆனால் பாட்டியின் பேச்சு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை, காற்றும் ஒலிபெருக்கியும்தான் கேட்கின்றன.

ஒலிக்கென்று ஒருவரை நியமியுங்கள். அதிகம் பேசாதவரை நியமியுங்கள் என்று சொல்வேன். எங்கள் கோட்டூர்ப் பையனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல்தான் அவன் காதில் காதொலிப்பானை மாட்டினோம். ஒருநாள் எல்லோரும் காட்சி நன்றாக வந்துவிட்டது என்று மகிழ்ந்து நின்றபோது, பின்னால் எங்கோ அறுவடை இயந்திரம் ஓடுகிறது, இது வேண்டாம், திரும்ப எடுக்க வேண்டும் என்றான். அவன் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் முழு வாக்கியம் அதுதான். எங்களுக்கு அந்த ஓசை கேட்கவே இல்லை. பதிவைப் போட்டுப் பார்த்தபோது அவன் சொன்னது அப்படியே இருந்தது. அதன் பிறகு அவன் தலையாட்டாமல் அடுத்த காட்சிக்குப் போவதில்லை என்று ஆனது.

செய்முறை எளியது. பேசுபவரின் சட்டைப்பையில் இன்னொரு கைபேசியை ஒலிப்பதிவில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் கேமரா முன் ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். தொகுக்கும்போது கை சேரும் படத்தையும் அந்த ஓசையையும் பொருத்திவிட்டால் ஒலியும் படமும் ஒன்றிவிடும். இடத்தை விட்டுக் கிளம்பும் முன் யாரும் அசையாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் ஒலி அறுந்து தெரியாமல் இருக்க அதுதான் அடியில் போடப்படும். கைபேசிகள் எல்லாம் விமானப் பயண நிலையில் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 10

பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருப்பதால் இருவர் வரத் தயங்குகிறார்கள் என்று முன்பு சொல்லியிருந்தீர்கள். ஆகஸ்ட் 8இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் இந்தக் கல்வியாண்டு முதல் அந்தத் தேர்வு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதன் பிறகும் வராவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம். குழு முழுவதையும் வைத்துக்கொண்டு கேட்காமல், உங்களில் ஒருவர் மட்டும் தனியாகப் போய்க் கேளுங்கள்.

ஆகஸ்ட் 24

அவர்களில் ஒருவர் தந்தையின் உடல்நலம் காரணமாக ஒரு மாதம் வர இயலாது, அவரை நீக்கிவிட்டு நால்வராக முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் படம் பாதி முடிந்திருந்தது. சிறுமி ஒருத்தி தொலைந்த சைக்கிளைத் தேடிப் போகும் கதை. தேடத் தொடங்கும் பகுதியை முத்துப்பேட்டைப் பக்கத்தில் விடுதிப் பெண்ணின் மாமா தோப்பில் எடுத்திருந்தோம். சைக்கிள் கிடைக்கும் பகுதியும் அதே தோப்பில்தான் நடக்க வேண்டும். புயலுக்குப் பிறகு அவள் பல வாரங்கள் பள்ளிக்கு வரவில்லை. மின்சாரம் இல்லாததால் அவளோடு பேசவும் வழியில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் வரிசையில் நின்று கைபேசிக்கு மின்னேற்றிக்கொண்டு வந்தார்கள் என்று பின்னர் சொன்னாள். தோப்பு இல்லை என்பது மட்டும் யார் மூலமோ எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

தஞ்சாவூர்ப் பக்கம் நிற்கும் வேறு தோப்பில் எடுத்து முடித்துவிடலாம், தென்னைக்குத் தென்னை வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது என்றான் நகரத்துப் பையன். பள்ளியில் கேட்ட தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, அவன் சொன்னதில் தவறு காண எனக்கும் தோன்றவில்லை. நீடாமங்கலத்துப் பையனும் சரி என்றான். கோட்டூர்ப் பையன்தான் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் தோப்பு, அவள் இயக்கும் படம், அவள் வந்த பிறகு கேட்போம் என்றான். ஆசிரியரிடம் போய்த் தேதியைத் தள்ளிக் கேட்டவனும் அவன்தான்.

அவள் வந்ததும் சொன்ன முடிவு நாங்கள் நினைத்துப் பார்க்காதது. சைக்கிள் கிடைக்க வேண்டாம், விழுந்த மரங்களுக்கு நடுவே அந்தச் சிறுமி தேடிக்கொண்டே போகட்டும், அதை நானே எடுக்கிறேன் என்றாள். அவள் மாமாவிடம் அனுமதி கேட்கப் போனபோது எங்களுக்கு வாய் வரவில்லை. இழப்பில் நிற்பவரிடம் படம் எடுக்கலாமா என்று எப்படிக் கேட்பது? அவர் அனுமதி தந்துவிட்டு, முன்பு எடுத்தீர்களே, மரமெல்லாம் நிற்கும் அந்தப் படம் பத்திரமாக இருக்கிறதா, எனக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டார். அண்ணனின் மடிக்கணினியில் இருந்ததை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தோம். தோப்பு நின்ற நிலையில் அவரிடம் வேறு படம் ஒன்றுகூட இல்லை.

அந்த இரண்டாம் பகுதியை எடுத்த காலையில் நாங்கள் ஐவரும் நெருங்கிய நண்பர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் யார் எதற்கு நிற்பார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது, அதை வைத்துத்தான் படம் முடிந்தது.

ஆகவே அவரை நீக்காதீர்கள், தம்பி. வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலை ஏதாவது இருக்கும்: உரையாடலைத் திருத்துவது, எழுத்துகளை அமைப்பது, எடுத்த துண்டுகளைப் பார்த்து எது நல்லது என்று குறித்து அனுப்புவது. எதையும் செய்ய இயலாத நிலையில் இருந்தால் அவர் இதுவரை செய்தது படத்தில் இருக்கட்டும்.

செப்டம்பர் 7

வகுப்பறைக் காட்சியில் திரையில் கருப்புப் பட்டைகள் ஓடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஆய்வகக் காட்சியிலும் ஓடின. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய வகைக் குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. ஷட்டர் வேகத்தை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்றும், படவேகத்தை விநாடிக்கு 25 என்றும் வைத்தால் பட்டை மறைந்துவிடும்.

செப்டம்பர் 8

எல்லாக் கைபேசிகளிலும் ஷட்டர் வேகத்தை மாற்ற முடியாது என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், உண்மைதான். ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலி சில கைபேசிகளில் அதற்கு இடம் தருகிறது. அதுவும் இல்லையென்றால் விளக்குகளை அணைத்துவிட்டு, சன்னலோரப் பெஞ்சில் உட்காரவைத்து எடுங்கள். என் கண்ணுக்கு அந்த வெளிச்சம்தான் அழகு.

செப்டம்பர் 21

தொகுப்பை ஒருவர் தனியாகச் செய்யட்டும். பக்கத்தில் நால்வர் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று சொன்னால் வேலை நகராது. முதல் வடிவம் முடிந்ததும் ஐவரும் சேர்ந்து ஒருமுறை நிறுத்தாமல் பாருங்கள், ஒவ்வொருவரும் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் கேட்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பட்டியலில் யார் பெயர் முதலில் என்ற சச்சரவு உங்கள் குழுவிலும் வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அகர வரிசையில் போடுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் அவர் உண்மையில் செய்த வேலையைப் போடுங்கள். வர இயலாதவர் பெயரும் அதே வரிசையில், அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். அந்தப் பாட்டி, சப்பரம் இழுத்த பிள்ளைகள், மதகைத் திறந்து காட்டிய லஸ்கர் ஆகியோருக்கு நன்றி சொல்ல ஒரு வரி வேண்டும். பிள்ளைகளின் பெயரைப் போடும் முன் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலைப் பள்ளியில் கொடுப்பதற்கு முன் ஐவரும் ஒருமுறை எழுத்துப்பிழை பார்த்துவிடுங்கள். தலைப்பெழுத்து மாறிப்போனால் சான்றிதழிலும் அப்படியேதான் அச்சாகி வரும், அதைத் திருத்தி வாங்குவது படம் எடுப்பதைவிட அலைச்சல்.